ஜெர்மன் காருக்கு ஜீப் இன்ஜின்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜெர்மன் கார் நின்றது. சுரங்கத்துக்கு மிஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது என் வீட்டுக்காரரிடம் விட்டுப்போனது. இவர் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அந்தக் காரில் கார்புரேட்டர் கிடையாது. ஒரு பம்பு பெட்ரோலை அழுத்தித் தள்ளும், அது இன்ஜினுக்குள் பீச்சியடிக்கும். பீச்சுகிற சாமான் கெட்டுப்போனதும் மெட்ராஸ் வரை தேடினார், கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் அதன்மேல் வடகம் காயவைத்தேன்.

பெரியவளுக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. பத்தாவது பாஸ் பண்ணியவள் வடலூரில் டைப்ரைட்டிங் படிக்க ஆசைப்பட்டாள். பேர் கொடுக்கப் போன அன்றே பஸ் கூட்டத்தில் விழுந்து, உதடு கிழிந்து வந்தாள். "நான் வூட்லயே இருந்துக்கிறேம்மா" என்றாள். அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கார ஓட வைங்க" என்றேன் இவரிடம்.

எங்கோ கவிழ்ந்த ஜீப்பின் இன்ஜின் ஒன்று கார்புரேட்டரோடு கிடைத்தது. இவரும் எதிர் பிளாக் வெல்டரும் லீவு நாட்களில் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுப் பழையதைத் தூக்கி, இதை இறக்கினார்கள். உட்காரவைக்க வெல்டர் புது இரும்புப் பட்டை அடித்தார்.

"என்னாண்ணே, தொரைக்கு வேட்டி கட்டி வுடுறீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"கட்டிக்கினு நடந்தா சரிதான், போய்யா" என்றார் வெல்டர்.

வகுப்பு தொடங்க இரண்டே நாள். ஸ்டார்ட் பண்ணினால் நாலு இருமல், அப்புறம் நின்றுவிடும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் பொங்கி வழிந்தது. உள்ளே இருக்கும் மிதவையை மாற்றினார், ஊசியை மாற்றினார். வழிவது நிற்கவில்லை. மகள் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

நான் இவரிடம் கேட்டேன். "பெட்ரோல் எப்படிங்க வருது?"

"பின்னால பழைய பம்பு இருக்குல்ல, அதுதான் தள்ளுது."

"அது பீச்சியடிக்க வெச்சதுன்னு சொன்னீங்க. இந்த இன்ஜின்லதான் பீச்சுறதே இல்லையே. பம்பு ஸ்டவ்வுக்குத்தான் பம்பு. திரி ஸ்டவ்வுக்கு எதுக்குங்க?"

"அடியே, ஜெர்மன் பம்புடி! அதப் போய் கழட்டுவாங்களா?"

சுரங்கத்துப் பழக்கம் அது. வெள்ளைக்காரர் பூட்டியதில் ஒரு போல்ட்டைத் தொடவும் மேலே கேட்க வேண்டும். அந்தப் பயத்தை இவர் வாசல் வரை கொண்டுவந்திருந்தார். ஜீப் இன்ஜினோடு வந்த சின்னப் பம்பு சாக்கில் சும்மா கிடந்தது.

"இங்க கேக்க வேண்டியது என்னைய. கழட்டுங்க."

"அண்ணியே ஆர்டர் போட்டாச்சி. ஸ்பேனர எடுங்கண்ணே" என்று வெல்டர் சிரித்தார்.

சின்னப் பம்பைப் பூட்டியதும் வழிவது நின்றது. இன்ஜின் ஒரு தரம் உறுமி, பிறகு அடங்கி ஓடியது. ஜீப் இன்ஜின் உயரம், பானெட் மூடவில்லை. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து நானே கட்டினேன். காலையில் அவளை வடலூர் கொண்டுபோக இவர் செகண்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை பெரியவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்க. டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை வரை பாஸ் பண்ணினாள். இன்றைக்கும் ஆபீஸ் போகிறாள்.

கண்ணு, இதைப் பாட்டிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. உன் அம்மா ஆபீஸிலிருந்து வந்துவிட்டாள், அவள் காதிலும் விழட்டும்.