இண்டிகேட்டர் எரியுதான்னு சொல்ல ஒரு ஆள்

வண்டியில் எந்த வேலையையும் ஒத்தையில் செய்துவிடலாம். ஆயில் மாற்றலாம், டயர் கழற்றலாம், அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சைலன்ஸரை இழுத்துக் கட்டலாம். இண்டிகேட்டர் எரிகிறதா என்று பார்க்க மட்டும் ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தட்ட, இன்னொருத்தர் பின்னால் நின்று சொல்ல. எங்கள் வீட்டில் அந்த இன்னொருத்தர் என் பெண்டாட்டி. துவைத்த துணியைத் தோளில் போட்டபடி வந்து நின்று, "எரியுது... அணைஞ்சிட்டு... எரியுது..." என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். "ஏளா, மின்னுதுன்னு ஒரு தடவ சொன்னா பத்தாதா?" என்று நான் உள்ளே இருந்து கத்துவேன். "பாக்கச் சொன்னிய, பாத்துச் சொல்லுதேன். பிடிக்கலன்னா நீங்களே வந்து பாருங்க" என்பாள். சவம், அதுதானே முடியாது.

அவள் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. வண்டி இருக்கிறது. ஒரு காலத்தில் மில்லுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய டீசல் வேன். நான் பிசிக்ஸ் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, நானும் அவளுமாய் அதை ஒரு வீடாக்கினோம். மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பின்கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி ஒரு சாப்பாட்டுப் பலகை. பாபநாசத்தில் கிளம்பினால் ஆறு கூடவே வரும். பிடித்த படித்துறையில் நிறுத்திக் குளிப்போம், சமைப்போம், படுப்போம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கு இது சுத்தக் கிறுக்கு. "சாருக்கு வீடு வாசல்னு எல்லாம் இருக்கு, ஆனா வேனுக்குள்ளதான் படுத்துக் கிடக்காரு" என்று பேசுவார்கள். பேசட்டும், எனக்கென்ன.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் வேலை, அங்கேயே கல்யாணம். அவளுக்கும் இது கிறுக்குத்தனம்தான். அம்மா இருந்தவரை அதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த வண்டியத் தூக்கிப் போட்டுட்டு எங்கூட வந்திருங்கப்பா" என்பாள். மாட்டேன் என்பேன். போனை வைத்துவிடுவாள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குணம். நடுவில் நின்று ரெண்டு பேரையும் அடக்குகிற ஆளும் இப்போது இல்லை.

மகள் ஒருநாள்கூட அந்த வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அம்மாவின் முதல் திவசத்துக்கு வருகிறாள் என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரே ஒரு வேளை, அவ அம்மா உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேணும். நான் அதுக்குள்ளே எப்படி இருக்கிறேன் என்று கண்ணால் பார்க்க வேணும். அதுக்கப்புறம் கிறுக்கன் என்றே சொல்லிக்கொள்ளட்டும்.

இண்டிகேட்டரை மாற்றினதும் அவளுக்காகத்தான். போன வருசம் அவ அம்மா காரியத்துக்கு வந்திருந்தபோது என் வண்டிக்குப் பின்னால் காரில் வந்தவள், இறங்கினதும் முதல் வேலையாகச் சொன்னாள். "உங்க சிக்னல் வெயில்ல தெரியவே மாட்டேக்குப்பா. பின்னாடி வாறவன் இடிச்சிரப் போறான்." சொன்னது உண்மைதான். பழைய பல்பு, மங்கிப்போன கண்ணாடி. அகல் விளக்கு வெளிச்சம்கூட வராது. இந்தத் தடவையும் அவள் பின்னால்தான் வருவாள். எனவே எல்இடி போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜங்ஷனில் வண்டிச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி பல்புகளை எடுத்து வைத்துவிட்டு, "மின்ன வைக்கிற ரிலேயையும் சேத்து மாத்திருங்க அண்ணாச்சி. பழசுன்னா படபடன்னு அடிக்கும். எல்இடி கொஞ்சமாத்தான் கரண்ட் எடுக்கும், பல்பு ஒண்ணு போயிட்டுன்னு அது நெனச்சுக்கிடும்" என்றார். "தெரியும்வே, தெரியும். நான் பிசிக்ஸ் வாத்தியார்" என்றேன். அவர் மறுபேச்சு பேசாமல் பொட்டலம் கட்டினார்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். ஹோல்டரில் பச்சையாய்ப் பூத்துக் கிடந்த களிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். பல்பை மாட்டினேன், ரிலேயை மாற்றினேன். அப்புறம்தான் அந்தப் பழைய தொந்தரவு. பின்னால் நின்று சொல்ல யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் வருவார்கள். வந்து, வேனுக்குள் எட்டிப் பார்த்து, அய்யோ பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் ஆள் இல்லை. இடது பக்கம் சுவிட்சைப் போட்டுவிட்டு இடது கதவு வழியாக இறங்கி, இடது பக்கமாகவே நடந்து போய் முன்னும் பின்னும் பார்த்தேன். பளிச் பளிச்சென்று அடித்தது. ஏறி வலது பக்கம் போட்டேன். வலது பக்கமாகவே போய்ப் பார்த்தேன். அதுவும் எரிந்தது. ஒத்தை ஆள் வேறு எப்படிப் பார்ப்பான்? டாஷ்போர்டில் இருக்கிற சின்னப் பச்சைப் பல்பு மட்டும் எரியவில்லை. இடது வலது ரெண்டுக்கும் அது ஒண்ணுதான். பீஸ் போயிருக்கும், கழுதை கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு விசயம் ரோட்டில் இறங்கின பிறகுதான் தெரிந்தது. பழைய ரிலே டக் டக் என்று சத்தம் போடும். திருப்பத்தில் நிற்கும்போதெல்லாம் என் பெண்டாட்டி அந்தத் தாளத்துக்கு முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருப்பாள். புது ரிலேக்கு மூச்சே கிடையாது. சுவிட்சைப் போட்டேனா இல்லையா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நிசப்தம் எனக்குத் தாங்கவில்லை, வாய் விட்டு "டக் டக்" என்று நானே சொல்லிக்கொண்டு போனேன். யாராவது பார்த்திருந்தால் தெருக்காரர்கள் சொல்லுவது சரிதான் என்றிருப்பார்கள்.

பாபநாசத்துப் படித்துறையில் திவசம் நல்லபடியாக முடிந்தது. மகளும் மருமகனும் அம்பாசமுத்திரத்தில் லாட்ஜில் தங்கினார்கள். "உங்களுக்கும் ரூம் போட்டிருக்கேன்" என்றாள் மகள். நான் வண்டியில்தான் படுப்பேன் என்றேன். "அம்மா தெவசத்தன்னிக்குக்கூட இந்தப் பிடிவாதமா?" என்று அவள் கத்த, நான் பதிலுக்குக் கத்த, மருமகன் பாவம், லாட்ஜ் காரிடாரில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

விடிந்ததும் எழுந்து வண்டியில் சொதி வைத்தேன். தேங்காய்ப் பால் பிழிந்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மகளுக்கு உயிர் அது. அவ அம்மா கைப்பக்குவம் எனக்கு வராது, ஆனாலும் மோசமில்லை. அவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் தூத்துக்குடியில் விமானம். சாப்பிடக் கூப்பிட்டால் நேரமில்லை என்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. "எம் வண்டி மெதுவாத்தான் போவும். நான் முன்னால போறேன், நீங்க என் பின்னாலயே வாங்க. ஏர்போர்ட் வரைக்கும் வந்து ஏத்தி விடுதேன்" என்றேன். வழியில், சேரன்மாதேவி தாண்டாமல், ஆற்றுக்கு இறங்குகிற ஒரு மண்பாதை உண்டு. இடது பக்கம். நாங்கள் ரெண்டு பேரும் அதிகமாய் நிறுத்தின இடம் அதுதான். அங்கே நான் இடது பக்கம் திரும்பினால் பின்னால் வருகிற காரும் திரும்பித்தானே ஆக வேண்டும். இறங்கின பிறகு சொதி வாசனை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதுதான் என் திட்டம்.

நம்ம பக்கத்து ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் மெதுவாகப் போகிற வண்டிக்காரன் இடது ஓரமாய் ஒதுங்கி, வலது இண்டிகேட்டரைப் போட்டான் என்றால், 'எதிர்ல ஒண்ணுமில்ல, நீ முந்திப் போ' என்று அர்த்தம். எந்தச் சட்டத்திலும் கிடையாது. லாரிக்காரன் முதல் பஸ்காரன் வரை எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கும் கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு பஸ்ஸுக்கு நான் அப்படித்தான் வழி விட்டேன். மகள் வந்த வாடகைக் கார் மட்டும் நல்ல பிள்ளையாய் என் பின்னாலேயே வந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு நிறைந்திருந்தது.

மண்பாதை வருவதுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்கி, இடது இண்டிகேட்டரைப் போட்டேன். பின்னால் வந்த கார் வெளியே விலகியது. ஒரு ஹாரன். என்னைத் தாண்டிப் போயே போய்விட்டது. பின் சீட்டில் மகள் தலை சாய்த்துத் தூங்குவது ஒரு நொடி தெரிந்தது.

நான் ஹாரன் அடித்தாலும் கேட்கிற தூரத்தில் இல்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. மருமகன் நம்பர் பிஸி. சரி, நான் திரும்பினதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள் என்று படித்துறைக்கு இறங்கினேன். பின்கதவைத் திறந்து வைத்து, பலகையைத் துடைத்து, மூணு இலையும் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். ஆற்றில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்துபோனது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு அவளே கூப்பிட்டாள். "ஏர்போர்ட்டுக்கு வந்துட்டோம்ப்பா. நீங்க கூப்பிட்டத இப்பத்தான் பாத்தேன். எங்க இருக்கிய?"

"நீ ஏம்ளா நிக்காம போன?" என்றேன்.

"நீங்கதானப்பா போகச் சொன்னிய? நான் முழிச்சு, அப்பா வண்டி எங்கன்னு கேட்டேன். டிரைவர் அண்ணன்தான் சொன்னாரு, அய்யா ஓரங்கட்டி ரைட் போட்டுட்டாரு, நம்மளப் போகச் சொல்லிட்டாருன்னு. நேத்து நான் கத்துனதுல கோவம், ஏத்தி விட வர இஷ்டமில்லாம வழி விட்டுட்டியன்னு நெனச்சேன். அதான் கூப்பிடாமலே வந்தேன்."

போனைக் கையில் பிடித்தபடியே போய் இடது சுவிட்சைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றேன். இடதும் மின்னியது, வலதும் மின்னியது. பஸ்ஸுக்கு வழி விட்டபோதும் இப்படித்தான் ரெண்டும் மின்னியிருக்கும், அதே சிக்னல்தான் என்று டிரைவர் நினைத்துவிட்டார். அந்தச் சின்னப் பச்சைப் பல்புதான் காரணம். அதன் ஒரு கால் இடது வயரில், ஒரு கால் வலது வயரில். பழைய பல்புக்கு அது வழியாகக் கசிகிற கரண்ட் பல்லில் ஒட்டாது. எல்இடிக்கு அந்தக் கசிவே போதும். காலமெல்லாம் கரும்பலகையில் சர்க்யூட் போட்டவனுக்கு இது தோணவில்லை. பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தால், "ஏங்க, ரெண்டு பக்கமும் எரியுதுங்க" என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

"கோவமெல்லாம் இல்லம்மா. வயரிங் தப்பு. நான் லெப்ட்தான் போட்டேன்" என்றேன்.

"லெப்டா? அங்கன என்னப்பா இருக்கு?"

ஒரு பல்பைப் பிடுங்கிப் போட்டால் சரியாகிவிடும், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். "சரியாச்சான்னு பாக்காம திரும்பிப் போயிராதிய. வீடியோ போட்டு போனப் பின்னால வைங்க. நான் பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

பல்பைப் பிடுங்கினேன். படிக்கட்டுக் கல்லில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் போட்டேன்.

"எரியுது... அணைஞ்சிட்டு... எரியுது..."

ஸ்பீக்கரில் அவ அம்மா இழுக்கிற அதே இழுவை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "லெப்ட் மட்டுந்தான் எரியுது. இப்ப ரைட் போடுங்க." போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"என்னாச்சு, எரியலியா?"

"எரியுதுப்பா." அப்புறம் குரல் மாறியது. "உள்ள பலகையில எதுக்குப்பா மூணு இலை?"

"சும்மாதான்."

"அந்தச் சட்டியில சொதியா?"

"ஆமா."

அவள் பக்கம் ஏதோ அறிவிப்பு கேட்டது. மருமகன் அவளைக் கூப்பிட்டார். "இருங்க" என்று அவரை அதட்டினாள். "அப்பா, இன்னொரு தடவ லெப்ட் போடுங்க" என்றாள்.

போட்டேன். எரியுது என்றாள். ரைட் போட்டேன். எரியுது என்றாள். விமானத்துக்குக் கூப்பிடுகிறவரை நான் போட்டுக்கொண்டே இருந்தேன், அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுக்கப்புறம் பின்னால் வந்து, ரெண்டு இலையைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு இலையில் சோறு போட்டுக்கொண்டேன்.