காற்றை எதிர்த்து வந்த தோணி

பிற்பகல் சரியாக மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு வானொலியில் போய்க்கொண்டிருந்த பாட்டு பாதி வரியில் அறுந்தது. சற்று நேரம் கரகரப்பு மட்டும் கேட்டது; முற்றத்தில் அம்மா சுளகில் அரிசி புடைக்கும் சத்தமும் அதோடு நின்றது. பிறகு ஒரு குரல் வந்து, நாடு முழுவதும் ஊரடங்கு என்றது. எழுபத்தொன்றாம் ஆண்டுச் சித்திரை அது. தெற்கே இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்குகிறார்கள் என்ற செய்தி எங்கள் படுவான்கரைக் கிராமத்துக்கும் வந்திருந்தது. அம்மா எழுந்து வேலியோரம் போய், மட்டக்களப்பு வாவியைப் பார்த்தபடி நின்றார். அன்று காலையில்தான் அப்பா இறால் வலையோடு தோணியில் போயிருந்தார்.

வாவியை நாங்கள் ஒருநாளும் வாவி என்று சொன்னதில்லை. எங்களுக்கு அது "ஆறு". மாலையில் கரையோரப் பாதையால் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று போயிற்று. ரோட்டில் ஆள் நடமாடக் கூடாது, ஆற்றில் தோணி ஓடக் கூடாது, ஓடினால் சுடுவோம் என்று அது சொல்லிக்கொண்டே போக, தண்ணீர் அந்தக் குரலை வாங்கி அக்கரைக்கும் கொண்டுபோனது. அப்பா போனால் நடு ஆற்றில் கண்டல் மரங்கள் வளர்ந்த திட்டில் ஓலை வாடி போட்டுத் தங்குவது வழக்கம். அங்கே கொஞ்சம் அரிசி இருந்தது, குடிதண்ணீர்ப் பானை ஒன்று இருந்தது. வேறெதுவும் இல்லை.

பிறகு ரோட்டுக்குக் காலை வேளைகளில் தளர்வு கொடுத்தார்கள். ஆற்றுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் பாடசாலையில் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களை அழைத்து, நாட்டுக்கு உதவ வேண்டும் என்றார்கள். பெண்பிள்ளைகள் வெள்ளைத் துணியில் கைப்பட்டி தைத்தார்கள். நாங்கள் பாலத்தடிக் காவலரணுக்கு மணல் மூட்டை சுமந்தோம். வகுப்பில் பேச வாய் வராதவர்கள்கூட கைப்பட்டி கட்டியதும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். சித்திரம் படிப்பித்த மாஸ்டர்தான் எங்களுக்குத் தளபதி. கரையில் நின்ற பெரிய பூவரசில் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, "தோணியில ஆள் வந்தா இத அடிக்கோணும். கேட்டவுடன பொலிஸ் வரும்" என்றார். பகல் காவலுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது எனக்கு வாய்த்தவன் சூசை, வேதக் கோயில் மணி அடிப்பவரின் மகன். அடிக்கிற கம்பை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான், பரம்பரைத் தொழிலாம்.

நான் காவலுக்குப் புறப்படும்போதெல்லாம் அம்மா வாசல் படலை வரை வந்து ஒன்றையே சொல்வார்: "நல்லாப் பார் மனே. ஆனா காணாத." திரும்பி வந்ததும் ஒன்றையே கேட்பார்: "ஒண்டும் காணல்லயே?" காணவில்லை என்பேன். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அப்பாவுக்குரிய சோற்றை அம்மா போட்டு மூடி வைப்பார். மறுநாள் அது பழஞ்சோறாகி எனக்கு வரும்.

ஆளில்லாத அந்த ஆற்றைப் போல ஒரு காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. வெயில் எரிக்கிற பட்டப்பகலில், ஒரு தோணி இல்லை, வலை வீசுகிற ஒரு கை இல்லை. பிடிக்க ஆளில்லை என்று தெரிந்துகொண்டவைபோல மீன்கள் கரையோரம் வந்து துள்ளின; நாரைகள் எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, விலகாமல் எங்களையே பார்த்தன. மாடுகள் நடு ரோட்டில் படுத்து அசை போட்டன. அக்கரையில் யாரோ கிணற்றில் வாளி போடுகிற சத்தம் எங்கள் காதடியில் கேட்டது. சூசை மட்டும் ஓயாமல் பேசினான். "உன்ட அப்பா இறாலுகளோட சம்பந்தம் பேசிக்கிட்டிருப்பார், மச்சான். சீதனம் படியல்ல போல." சிரிக்க முயல்வேன். அவனும் பயத்தில்தான் பேசுகிறான் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு கச்சான் காற்று முந்தியே தொடங்கிவிட்டது. எங்கள் முதுகுப் பக்கமிருந்து, வயல் வட்டைகளின் சூட்டை அள்ளிக்கொண்டு வந்து ஆற்றுக்குள் இறங்கும் காற்று. கரையில் விழுந்த பூவரசிலை நடு ஆற்றுக்குத்தான் போகும்; அங்கிருப்பது எதுவும் இங்கே வராது. அப்படிக் காற்று வீசிய ஒரு நண்பகலில் சூசை பேச்சை நிறுத்தினான். நான் அவன் பார்த்த பக்கம் பார்த்தேன்.

கண்டல் திட்டுப் பக்கமிருந்து ஒரு தோணி வந்துகொண்டிருந்தது. அதில் ஆளில்லை. துழாவுகிற சவளும் இல்லை, பாயும் இல்லை. காற்று எதிரே அடிக்க, அலை எதிரே வர, யாரோ மெல்லிய கயிற்றால் இழுப்பதுபோல் அது நேரே எங்களை நோக்கி வந்தது. இடைக்கிடை நின்றது. நின்று, யோசிப்பதுபோல் கொஞ்சம் திரும்பி, மறுபடி வந்தது. கிட்ட வர வர அதன் முன்பலகையில் ஒரு சிவப்புத் துண்டு மினுங்கியது. வெடிப்பை மறைக்க அப்பா பிஸ்கட் தகரத்தை வெட்டி அடித்த ஒட்டு அது. ஆணி பிடித்துக் கொடுத்தவன் நான்.

இறந்தவர்களின் தோணி வீடு தேடி வரும் என்று ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில், அது எப்போதோ எனக்குச் சொல்லப்பட்ட விஷயம் போலவே இருந்தது. சூசையின் கம்பு மேலே போயிற்று. அப்படியே நின்றது.

"ஆள் வந்தா அடிக்கச் சொன்னவர்," என்றான். "ஆள் எங்கடா?"

கம்பை இறக்கிவிட்டான். தோணி கரையோரப் பன்புல்லுக்குள் புகுந்து சரசரத்து நின்றது. நாரைகள் எழும்பின. தோணியின் பின்பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து முதலில் பாசி படிந்த தலைமயிரும், பிறகு தோணியைத் தள்ளி வந்த, ஊறி வெளுத்த பத்து விரல்களும், பிறகு அப்பாவின் முகமும் வந்தன. வெயிலில் உரிந்து, கண் சிவந்து, அரைவாசியாகிப் போயிருந்த முகம். சூசை சிலுவை போட்டுக்கொண்டான்.

"ரோட்டில நடக்கப்படாதெண்டாங்க. ஆத்தில தோணியில போகப்படாதெண்டாங்க," என்றார் அப்பா, பல் கிட்ட. "ஆத்துக்குள்ள நடக்கப்படாதெண்டு ஒருத்தரும் சொல்லல்லயே?"

எழுபத்தெட்டுச் சூறாவளியில் அந்தப் பூவரசு போயிற்று. அப்பாவும் இன்று உயிரோடு இல்லை. கண்டல் திட்டில் இப்போது வாடியும் இல்லை, கண்டலும் பாதிக்கு மேல் இல்லை. பின்னாளில் எங்கள் கரைக்கு ஆளில்லாமல் வந்த தோணிகள் வேறும் உண்டு. அவற்றின் பின்னால் ஒருவரும் நடந்து வரவில்லை. என் மகள் அக்கரைக்கு வகுப்புக்குப் போகிறாள். சொன்ன நேரத்துக்கு அவள் வராவிட்டால் நான் படலைக்கு வந்து ரோட்டைப் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே, கண்ணில் எதுவும் படக்கூடாது என்றும் வேண்டுகிறேன். வீட்டில் பகிடி பண்ணுகிறார்கள். உங்கள் அப்பாதான் வந்துவிட்டாரே, பிறகென்ன என்கிறார்கள். வந்தார்தான். ஆனால் கம்பு மேலே நின்ற அந்த நேரம் என் உடம்பை விட்டுப் போகவில்லை.

அன்று அப்பா கரையேறவில்லை. பாலத்தடியிலிருந்து பார்த்தால் தெரியும் என்று, பொழுது படும்வரை பன்னுக்குள் கழுத்தளவு தண்ணீரிலேயே இருப்பதாகச் சொன்னார். சூசை தன் சோற்றுப் பொதியை அவர் கையில் வைத்தான். நான் வீட்டுக்கு ஓடத் திரும்பியபோது அப்பா கூப்பிட்டார்.

"ஓடாத. மெல்லப் போ. கொம்மா கேட்டா, ஒண்டும் காணல்லயெண்டு சொல்லு," என்றார். பிறகு ஒரு பருக்கையை வாயில் வைத்துக்கொண்டு, "சிரிச்சுக்கிட்டுச் சொல்லு," என்றார்.