தஞ்சாவூரில் குறி போட்ட நெல்

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்தில் ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன்.

காலை ஏழரைக்குப் பூதலூரில் பாசஞ்சர் ஏறினேன். தஞ்சாவூர் இருபது கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் பத்து ரூபாய். சென்னையில் சிற்பம் படித்த என் மகள் தேன்மொழி அங்கே ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்திருந்தாள். வெளிநாட்டு மியூசியம் ஒன்று, ஒரு பெரிய பேங்க் கொடுக்கும் பணத்தில், நம்மைப் போன்ற தேசங்களில் இப்போது செய்கிற கலைப்பொருள்களை வாங்கிச் சேர்க்கிறதாம். அங்கிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா அன்றைக்கு வருவதாக இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ அறுபது ரூபாய்.

"என்ன ஆயா வச்சிருக்காங்க அங்க?"

"நெல்லுங்க."

"நெல்லப் பாக்கவா பூதலூர்லேருந்து வந்தீங்க!" என்று டிரைவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளே போனதும் அது நின்றுவிட்டது. ஆள் உயரக் குவியல். அதன்மேல் சாம்பலில் பண்ணைக் குறி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். களத்தில் தூற்றிய நெல்லின்மேல் பண்ணை வீட்டு மரக்கட்டையால் சாம்பலில் குறி போடுவார்கள். ஒரு பிடி அள்ளினாலும் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கூலியை அரை மரக்கால் ஏற்றிக் கேட்டுச் சண்டை நடந்த வருஷம், குறி கலைந்திருக்கிறதென்று என் வீட்டுக்காரரைக் களத்திலேயே கட்டிவைத்து அடித்தார்கள். கலைத்தது கோழி.

கழகங்கள் மாறி மாறி ஆண்டன, சட்டமும் வந்தது. நிலம் இன்னும் அந்தப் பண்ணை வீட்டிடம்தான். என் மகன் அதில் ஐந்து மா குத்தகை பார்க்கிறான். அவனைக் கிளப்ப அந்த வீட்டுச் சின்னவர் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்.

"தேனு, இது அவங்க வீட்டுக் குறிடி."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் அதே மாதிரி கட்ட செதுக்குனேன்."

"ஒன் அண்ணன் வயல்ல நிக்கிறான்டி."

"கடல் தாண்டிப் போறத அவங்க எங்கம்மா பாக்கப்போறாங்க?"

"தஞ்சாவூருக்கு வரமாட்டாங்களா?"

அதற்குள் வெள்ளைக்கார அம்மா வந்துவிட்டார். கூடவே நாலைந்து பேர் படம் பிடிக்கச் செல்போனைத் தூக்கினார்கள். எப்படிப் போனேனோ, குவியலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்குள் நுழைந்து உள்ளங்கையால் குறியைத் தேய்த்துவிட்டேன். குறி போட்ட நெல்லில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. முதுகில் அடி விழுமென்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"யம்மா, என்னம்மா பண்ணிட்ட!" தேன்மொழியின் குரல்தான் கேட்டது.

"ஏன் பெரியம்மா அழிச்சீங்கன்னு கேக்குறாங்க" என்றார் மொழிபெயர்க்க வந்தவர். மகள்தான் அந்த வீட்டைச் சொல்லாமல் கோழிக் கதையைச் சொன்னாள். அந்த அம்மா என் கைத்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிறாங்களாம். ஆனா அங்க வைக்கிறப்ப மொதல்ல குறியப் போட்டு, அப்புறம் அழிக்கணுமாம்" என்றார் மொழிபெயர்த்தவர்.

தேன்மொழி முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"குறி வேணாம்னு சொல்லுங்க சார்" என்றாள் மெதுவாக. "கைத்தடம் மட்டும்னா எடுத்துக்கட்டும்."

அந்த அம்மா வெளியே போய் வெகுநேரம் போனில் பேசிவிட்டு வந்து சரியென்று தலையாட்டினார்.

சாயங்கால ரயிலில் திரும்பினேன். பூதலூரில் மகன் சைக்கிளோடு நின்றான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. தஞ்சாவூரில் என்னை யாருக்கும் தெரியாது. இங்கே தெரியாதவர் இல்லை. வாசலில் பைக் வந்து நின்றால் சின்னவரோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

நெல் கப்பலேறிவிட்டது. கட்டையை உடைத்துவிட்டதாகத் தேன்மொழி சொன்னாள், நான் பார்க்கவில்லை. என்ன குறியென்று இங்கே எழுதமாட்டேன். வெளிதேசம் போகிறவர்கள் யாராவது அந்த மியூசியத்துக்குப் போனால், நெல்லின்மேல் கைத்தடம் மட்டும்தான் இருக்கிறதா, வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.