ஒரு ஜிபி கொட்டகை

எந்த வீட்டுக்குப் போனாலும் கோவிந்தப்பன் முதலில் மாட்டிடம்தான் போவார். வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கொட்டகைக்குள் நிற்பார். தாடையைத் தடவி, முதுகில் சுழி பார்த்து, மடியை உள்ளங்கையால் தாங்கிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மனிதர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களில் இதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டதில்லை. பார்த்த கையோடு தண்ணீர் வாங்கிக் குடித்தால் மாடு பிடித்திருக்கிறது. "தாகமில்லம்மா" என்றால் பிடிக்கவில்லை. வீட்டுக்காரி சொம்பைத் திருப்பி உள்ளே எடுத்துப் போய்விடுவாள்.

மாட்டுத் தரகு அவருக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. ஏர் ஓட்டியவர். மழை பொய்த்த ஒரு காலத்தில் உழவு எருது இரண்டையும் விற்க வேண்டி வந்தது. விற்றுக்கொடுத்த தரகர், கிழட்டு எருதை நாலு பல் என்று வாய் கூசாமல் சொல்லித் தள்ளிவிட்டார். வாங்கியவன் மறுவாரம் தளியிலிருந்து ஏறி வந்து, சந்தை நடுவில் கோவிந்தப்பனின் சட்டையைப் பிடித்தான். பொய் சொன்னவர் அதே சந்தையின் மறுகோடியில் போண்டா தின்றுகொண்டிருந்தார். எருதும் இல்லை, மானமும் இல்லை என்று வீடு திரும்பியவர், அடுத்த சந்தைக்குத் தானே தோளில் துண்டு போட்டுக்கொண்டு தரகராகப் போய் நின்றார். உள்ளதைச் சொல்லி விற்கும் தரகர் என்று அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். கன்னடத்தில் கேட்பவனுக்குக் கன்னடத்திலும் தெலுங்கில் கேட்பவனுக்குத் தெலுங்கிலும் மாட்டின் குறையை அவர் சொல்லுவார். மூன்று பாஷையிலும் வியாபாரம் கெடுக்கத் தெரிந்த ஆள் என்று பேர்.

கேமரா போன் அவர் கைக்கு வந்தது ஓசூர் கம்பெனி ஒன்றின் கேட் புண்ணியத்தால். மனைவி வெங்கடம்மாளின் தம்பி சென்னகிருஷ்ணன் சிப்காட்டில் வேலை பார்த்தான். ஆசைப்பட்டு நல்ல போனாக ஒன்று வாங்கினான். கேமரா வைத்த போனுக்கு உள்ளே இடமில்லை என்று செக்யூரிட்டி தினமும் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

"நான் வாங்கின போன நான் பாக்கறத விட அவன்தான் மாமா அதிகம் பாக்கறான்" என்று சொல்லி, அதை மாமனிடம் தந்துவிட்டு கேமரா இல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டான்.

கோவிந்தப்பன் அதில் எடுத்த முதல் படம் ஒரு எருமைக் கிடாரி. அதைப் பாகலூரில் ஒருவருக்குக் காட்டினார். வெயிலில் திரையே தெரியவில்லை. துண்டை எடுத்து இருவர் தலைக்கும் மேலே போர்த்திக்கொண்டு காட்டினார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள் என்று நினைத்து, தெருவில் போனவர்கள் தள்ளி நின்றார்கள். கிடாரி அன்றே விலை படிந்தது.

அவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. கீழ்நாட்டுக்காரர்கள் மலைக்கு ஏறி வருவதில்லை. பஸ் இல்லை. வந்தால் திரும்பிப் போகும் பஸ் இல்லை. இத்தனை நாள் மாட்டை வாயால்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது. வாயில் இறங்கும்போது எந்த மாடும் கொஞ்சம் கொழுத்துவிடும். இந்தப் போனில் அது தன் அளவிலேயே இறங்குகிறது.

ஆனால் கொஞ்ச நாளில் போன் முரண்டு பிடித்தது. பத்துப் பன்னிரண்டு மாடு ஏறியதும் "மெமரி ஃபுல்" என்றது. புது மாட்டை எடுக்க வேண்டுமானால் பழைய மாட்டை அழிக்க வேண்டும். முகம் இருந்தால் மடி இருக்காது. மடி இருந்தால் கால் இருக்காது. நடக்கவிட்டு வீடியோ எடுத்தால் நாலு எட்டு வைப்பதற்குள் நின்றுவிடும். ஒருநாள் காலையில் அழித்த மாட்டை மத்தியானம் ஒருவர் கேட்டார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி சுபாஷ் என்பவர் செல்போன் கடை வைத்திருந்தார். அவர் பேட்டரியைக் கழற்றி ஓரத்தில் ஒரு சிறு பிளவைக் காட்டினார். பிறகு சுண்டுவிரல் நகமளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து அதற்குள் செருகினார்.

"ஒரு ஜிபி. என்ன பாட்டுண்ணா ஏத்தட்டும்?"

"பாட்டு வேணாம்."

"கார்டு வாங்கினா பாட்டு ஃப்ரீண்ணா. ஃபுல் லோடு. பழசு, புதுசு, சாமி பாட்டு எல்லாம் வரும்."

"பாட்ட நிரப்பிட்டா மாடு எங்கப்பா நிக்கும்?"

சுபாஷுக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார். ஓசூரில் காலி கார்டு வாங்கிக்கொண்டு போன முதல் ஆள் அநேகமாக கோவிந்தப்பன்தான்.

மலைக்குப் போய் இரண்டு மாடு எடுத்தார். மறுபடியும் "மெமரி ஃபுல்." அடுத்த நடைக்குக் கடைக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"காலி எடம்னு சொல்லிப் பூட்டுப் போட்டுக் குடுத்துட்டியாப்பா?"

சுபாஷ் போனை வாங்கி நோண்டினார். "கார்டு நல்லாத்தாண்ணா இருக்குது. ஆனா எடுக்கற படமெல்லாம் இன்னும் போன்லயே போய் உக்காருது. கார்டுக்குப் போன்னு நாமதான் சொல்லணும். இந்தா, செட்டிங்ஸ்ல இத மாத்திக்கணும்."

"புதுக் கொட்டகை கட்டினாலும் மாடு பழைய கட்டுத்தறிக்குத்தான் போய் நிக்கும். ஒருக்கா ஓட்டிவிடணும். அதானே?"

"அதேதாண்ணா. இத நான் வர்றவனுக்கெல்லாம் சொல்லலாம் போலருக்குதே!"

அதற்குப் பிறகு கோவிந்தப்பன் எதையும் அழிக்கவில்லை. விற்ற மாடும் அதில் இருந்தது. விற்றதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று வெங்கடம்மாள் கேட்டாள். "வித்ததுக்கு அப்பறந்தாண்டி மாட்டப் பத்திப் பேச்சே ஆரம்பிக்கும்" என்றார். வீடியோவும் இப்போது பாதியில் நிற்பதில்லை. அவர் நிறுத்தும்வரை ஓடியது; சில நேரம் நிறுத்த மறந்தும் ஓடியது. காட்டும்போது, மாடு நடந்து வந்து முகம் காட்டும் இடத்தில் கட்டைவிரலால் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் எதுவும் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அந்த ஆடி மாதத்தில் மங்கம்மாவின் பசுவை விற்றுக்கொடுத்தார். மங்கம்மா புருஷன் இல்லாதவள். அஞ்செட்டிக்கும் அப்பால் ஒரு சரிவில் வீடு. கறுப்பும் வெள்ளையுமான கலப்பினப் பசு, இரண்டாம் ஈத்து. குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் டீக்கடை வைத்திருந்த நல்லுசாமி, கரூர்ப் பக்கத்துக்காரர், வீடியோவைப் பார்த்தே வாங்கினார். டெம்போ போய் மாட்டை ஏற்றி வந்தது. மங்கம்மா அந்தப் பணத்தில் ஒழுகிக்கொண்டிருந்த கூரையைப் பிரித்துவிட்டு சிமெண்ட் ஷீட் போட்டாள்.

பத்து நாளுக்குள் நல்லுசாமி போனில் கத்தினார்.

"என்ன தரகரே, நொண்டி மாட்டத் தலையில கட்டிட்டீங்க? தார் ரோட்டுல ஏத்துனா முன்னங்கால ஊனவே மாட்டேங்குது. அந்தப் பொம்பள மறைச்சு வித்துருக்கா. மாட்ட ஓட்டிக்கிட்டுப் பணத்தத் திருப்பித் தரச் சொல்லுங்க. இல்லைன்னா நானே ஆளோட வர்றேன்."

மங்கம்மாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. தலைக்கு மேலே பார்த்தாள். "பணம் அங்க கெடக்குது. பிரிச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லுண்ணா."

"நீ ஏம்மா பயப்படற? மாடு நல்லா நடந்ததுக்கு எங்கிட்டப் படம் இருக்குது. தேராட்டம் ஏறி வரும். டெம்போவுல அடிபட்டதுக்கு நீ என்னா பண்ணுவே? நான் போய்க் காட்டிட்டு வர்றேன்."

கோபத்தோடும் நம்பிக்கையோடும்தான் பஸ் ஏறினார். அவருடைய போனில் உள்ளதுதான் கொட்டகையில் உள்ளது என்பதை முதல் முறையாக ஒருவர் இல்லையென்று சொல்லியிருக்கிறார். தேன்கனிக்கோட்டையில் மாறி, ஓசூரில் மாறி, சூளகிரி தாண்டும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. போவதற்குள் ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று போனை எடுத்தார்.

மங்கம்மா வீட்டுக்கு ஏறும் பாதை. பசு கீழிருந்து மேலே வருகிறது. நிமிர்ந்த தலை, அளந்து வைக்கும் கால். முகம் காட்டியது. கட்டைவிரல் வழக்கம்போல நிறுத்தப் போனது. அந்த நேரம் பார்த்து பஸ் ஒரு லாரிக்காகக் குலுங்கி ஒதுங்கியது. விரல் வேறெங்கோ பட்டது. படம் நிற்கவில்லை.

திரை கீழே சாய்ந்தது. போனைக் கையில் தொங்கவிட்டபடி அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் குரல்தான்: டெம்போ எதுவரை வரும் என்று கேட்கிறது. மங்கம்மாவின் குரல் பதில் சொல்கிறது. திரையில் மண்ணும் அவர் செருப்பும். பிறகு பசுவின் கால்கள். தண்ணீர்த் தொட்டிக்காகப் பாதையில் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் உடம்பின் பாரம் முன்னே வந்து விழும்போதெல்லாம் இடது முன்னங்கால் குளம்பின் நுனியைத் தொட்டும் தொடாமலும் வைத்து அவசரமாக எடுத்தது. சூடான கல்லில் வைத்ததுபோல.

அவர் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். மறுபடியும்.

மலைக்காரர்கள் எல்லாரும் மாட்டை மேலேறவிட்டுத்தான் காட்டுவார்கள். ஏறும் மாடுதான் கண்ணுக்கு அழகு. இறங்கும் மாடு அங்கே எப்போதும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கும். அதை யாரும் நொண்டல் என்று எண்ணுவதில்லை. மங்கம்மா எண்ணியிருக்க மாட்டாள். அவரும்தான் எண்ணவில்லை. ஆனால் அவள் தரகு வாங்கவில்லை. அவர் வாங்கினார்.

முகம் காட்டும் இடத்தில் நிறுத்தினால் போதும். நல்லுசாமிக்கு அதற்கு மேலே இருப்பது தெரியாது. மங்கம்மாவின் ஷீட் தப்பிக்கும், அவருடைய பேரும் தப்பிக்கும். நல்லுசாமியிடம் ஒரு நொண்டி மாடு இருக்கும். சட்டையைப் பிடித்தவனுடைய முகம் அவருக்கு இத்தனை வருஷம் கழித்தும் துல்லியமாக ஞாபகம் இருந்தது.

குருபரப்பள்ளியில் இறங்கியபோது நல்லுசாமி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பசு கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றது. கோவிந்தப்பன் முதலில் அதனிடம் போனார். இடது காலை மடக்கித் தூக்கிப் பார்த்தார். குளம்பின் பிளவில் பழைய புண், உள்ளே சீழ் கட்டியிருந்தது. பிறகு கடைக்குள் வந்தார்.

"என்ன, ஏதோ படம் காட்டறேன்னு போன் பண்ணினீங்களே" என்றார் நல்லுசாமி. குரலில் நக்கல். "காட்டுங்க, பாப்போம்."

கோவிந்தப்பன் போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டார். பசு ஏறி வந்தது. முகம் காட்டியது. நல்லுசாமி "சரி, இதத்தான் அன்னிக்கே பாத்தனே" என்று எழப் போனார்.

"உக்காருங்கண்ணா. இன்னும் இருக்குது."

மண், செருப்பு, குரல்கள், கால்கள். நல்லுசாமி குனிந்து பார்த்தார். டீ கேட்டு வந்த டிரைவரைக் கையால் நிற்கச் சொன்னார். முடிந்ததும் நிமிர்ந்து கோவிந்தப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இத நீ பாதியில நிறுத்தியிருந்தா நான் என்னத்தக் கண்டேன்?"

"ஒரு ஜிபி போட்டுத் தொலைச்சிட்டேன்ண்ணா. தானா நிக்க மாட்டேங்குது."

நல்லுசாமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அப்ப நொண்டி மாடுன்னு ஒத்துக்கறே."

"ஒத்துக்கறேன். ஆனா அந்தம்மா மறைக்கல. பாக்க வேண்டியது என் வேலை, நான் பாக்கல. அதுகிட்டப் பணம் கேக்காதீங்க, கூரை போட்டுடுச்சு. கால் வெட்டர்னரி டாக்டருகிட்டக் காட்டினா ஆறிடும், ஆனா நாளாவும். அதுவரைக்கும் உங்க கடைக்குப் பால் வேணும். எங்க வீட்டுல ஒரு செவலை இருக்குது. கன்னு போட்டு மூணு மாசம். அத இங்க விட்டுட்டு இத நான் ஓட்டிக்கறேன்."

"செவலையா? எங்க, காட்டு."

கோவிந்தப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அதுக்குப் படம் இல்லண்ணா. விக்கறதுக்கு இல்லாத மாட்ட எதுக்கு எடுக்கறது?"

நல்லுசாமி அடுப்புப் பக்கம் போனார். ஒரு டீ போட்டு, மேலாக நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"படம் வேண்டாம். வாயால சொல்லு, போதும்."

கோவிந்தப்பன் சொன்னார். செவலையின் நிறம், சுழி, காம்பு, ஈசல் வந்தால் மிரளும் குணம், மூக்கணாங்கயிற்றைச் சுண்டினால் உதைக்கும் என்பது உட்பட. சொல்லி முடித்துவிட்டு டீயைக் குடித்தார்.

பிறகு ரோட்டோரம் போய் நின்று வீட்டுக்குப் போன் போட்டார். லாரிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"மங்கம்மா மாட்டுக்குக் கால்ல பழைய புண்ணு. அத நாம ஓட்டிக்கிட்டுச் செவலையக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

செவலையின் கன்றுக்கு வெங்கடம்மாள்தான் இரவும் பகலும் பார்த்துப் பால் விட்டுக்கொண்டிருந்தாள். "என்னைய ஒரு வார்த்த கேக்கலியே" என்றாள்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"தப்பு உம்மேலயா?"

"எம்மேலதான்."

மறுபடியும் ஒரு லாரி போனது. அது கடந்து முடியும்வரை இரண்டு பேரும் லைனில் இருந்தார்கள்.

"சரி" என்றாள். "கன்னையும் சேத்து அனுப்பணும், தனியா அனுப்பினா பால் எறங்காது, அந்தாளுக்குச் சொல்லிவை. அப்பறம், டெம்போ வாடகை மிச்சம்னு அந்தக் கறுப்பிய நடத்தி ஓட்டியாராதே. கால்ல புண்ண வெச்சுக்கிட்டு அது எறக்கமெல்லாம் எப்படி எறங்கும்? வண்டி புடி."