அம்மாவின் குளியலறைக்கு வால்வு போட்டோம்

இன்று அம்மாவின் குளியலறையில், சுடுநீரையும் பச்சைத் தண்ணீரையும் தானே அளவாகக் கலந்து விடும் வால்வு ஒன்றைப் பொருத்தினோம்.

சர்க்கரை நோயால் அம்மாவுக்குப் பாதத்தில் உணர்வே இல்லை. போன மாதம் ஹீட்டர் தண்ணீரில் கால் வெந்தது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. இன்னொரு புண் வந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாலாக் செலாத்தானிலிருந்து வந்த பிளம்பர் அண்ணன், "நாப்பது டிகிரில பூட்டிட்டேன்க்கா. இனிமே யார் திருப்பினாலும் சுடாதுலா," என்றார்.

பல வாரங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அம்மா குழாயடியில் கையை நீட்டிப் பார்த்தார். "இதுல மனுசன் குளிப்பானா? ஜுரம்தான் வரும்."

அண்ணனை கேட் வரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். சமையலறைக் கேத்தலில் கொதித்த தண்ணீர் முழுவதும் குளியலறை வாளியில் இருந்தது. பதமா என்று அம்மா, எப்போதும் போல, கால்விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்ந்து காலை இழுத்தேன்.

"ஏன்டி பதறுறே? சுடவே இல்ல பாரு."

விரல்கள் சிவந்திருந்தன.

குழாய்க்கு வால்வு போட்டாச்சு. கேத்தலுக்கு எங்கே விற்கிறார்கள், யாருக்காவது தெரியுமா?