மூக்கு நிமிர்ந்த ஜீப்

தொண்ணூறுகளில் நாங்கள் மைசூரில் இருந்தோம். தமிழ்நாட்டு எல்லையோரம் அனூர் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துப் பாதை முழுக்கப் பாறை. பழைய ஜீப்பின் முன்பக்கம் அதில் இடிக்கிறதே என்று, அதை உயர்த்தத் தீர்மானித்தார் என் கணவர். கடையில், சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் அளவானவையும் இருந்தன. அவரோ, "தூக்குறதுன்னு ஆயிடுச்சு, நல்லாத் தூக்கிடலாம்" என்று இருப்பதிலேயே பெரியதை வாங்கி, தன் தம்பியோடு சேர்ந்து மாட்டிவிட்டார். ஜீப் வானத்தைப் பார்த்து நின்றது. நான் சமையலறை ஸ்டூலைப் போட்டுத்தான் ஏறினேன்.

தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கி எழுந்தது. அடியில் ஏதோ அறுந்த சத்தம்.

"சுமதி, பிரேக் பிடிக்கல!"

"ஐயோ, முருகா!" என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஜீப் வேலியை உடைத்து, அடுத்த தோட்டத்தில் வைக்கோல்போல் குவித்திருந்த ராகித்தாள் போருக்குள் புகுந்து நின்றது. ஒரே இருட்டு. வெளியே அந்தத் தோட்டத்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, போருக்குள்ள ஆராச்சும் இருக்கறீங்களா?"

"ரெண்டு பேர் இருக்கோமுங்க" என்றார் இவர், மிகவும் பணிவாக.

முன்பக்கத்தை உயர்த்தியவர், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயைப் பழைய நீளத்திலேயே விட்டிருந்தார். சக்கரம் தொங்கியதும் அது இழுபட்டு அறுந்துவிட்டது.

பிறகு அளவான பட்டையும் நீளமான குழாயும் போட்டோம். இப்போதெல்லாம் அடியில் எதை மாற்றினாலும், சக்கரத்தை ஜாக்கியில் தொங்கவிட்டு, குழாய் தளர்வாக இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்த பிறகுதான் ஏறுகிறேன்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?" என்பார் இவர்.

"உங்கமேல இருக்கு. ரப்பர்மேலதான் இல்ல."