மஞ்சள் வைத்த படகு

என்னைப் போல் ஓர் அவசரக்காரன் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். எண்பதுகளின் நடுவில், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்து ஐந்து மாதம் வீட்டில் கிடந்தேன். மனைவிக்கு ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை என்பதால், வேலையில்லாமல் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

அவளுடைய தம்பி கடலோரத்தில் ஒரு படகுப் பட்டறையில் லாரி ஓட்டினான். முதலாளியிடம் கெஞ்சி என்னையும் உள்ளே நுழைத்தான். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம். "மச்சான், என் பேர கெடுத்துடாதீங்க லா," என்றான். ஏதோ நான் பேர் கெடுப்பதற்கென்றே பிறந்தவன் மாதிரி. எனக்குச் சுருக்கென்றது.

அங்கே வருகிற பாய்மரப் படகுகள் மரமல்ல, ஃபைபர். மேலே நகத்தின் கனத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். பாறையில் உரசினால் அதில் கீறல் விழும். கீறலைச் சுரண்டி, புதுப் பூச்சை நிரப்பி, இறுகியதும் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முரட்டு சேண்ட்பேப்பரில் தொடங்கி மெல்லியதுக்கு வர வேண்டும். பிறகு பாலிஷ், கடைசியில் மெழுகு. மெழுகு போடும்வரை அந்தப் பூச்சு எந்தக் கறையையும் குடித்துவிடும் என்று முதலாளி முதல் நாளே சொன்னார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு படகை முழுக்க என் பொறுப்பில் விட்டார். இரண்டு பக்கமும் கீறல். ஏழு நாள் குனிந்தே கிடந்து, கண்ணாடி போல் தேய்த்து முடித்தேன். பாலிஷும் மெழுகும்தான் பாக்கி. மறுநாள் நாலு மணிக்குப் படகுக்காரர் வருகிறார், இது சரியாக அமைந்தால் உனக்கு வேலை உறுதி என்றார் முதலாளி.

அன்றைக்கு ஆயுத பூசை. தொழிற்சாலையில் வருடா வருடம் மெஷினுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டிய கை என்னுடையது, சும்மா இருக்குமா? மச்சினன் லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். நான் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, படகின் மூக்கில் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். இந்த வேலை நிலைக்க வேண்டும் தாயே என்று வாய்விட்டே கேட்டேன்.

மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் போனது. மஞ்சள் போகவில்லை. சோப்புப் போட்டேன், இரண்டு பக்கமும் இரத்தச் சிவப்பாக மாறியது. அலசினேன், மறுபடி மஞ்சள்.

சுவரோரமாக, நிழலில் இருந்த வலது பக்கத்தில் முதலில் உட்கார்ந்தேன். பெயிண்ட் கரைக்கிற தின்னரைத் தொட்டுத் துடைத்ததில் உள்ளங்கை அளவு கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பொட்டு வைத்த கதையைச் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே முரட்டுத் தாளை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் குறையக் குறைய வெறி வந்தது. கடைசி இழுப்பில் வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக ஃபைபர் எட்டிப் பார்த்தது. பூச்சு தீர்ந்துவிட்டது.

மணி இரண்டு. புதுப் பூச்சு இறுக ஒரு இரவாவது வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினேன். கிண்ணத்திலேயே கொதித்துக் கல்லாகிவிட்டது. இன்னொரு கிண்ணம் கலக்கிப் பூசினேன், அது நூல் நூலாக வெடித்தது. அழுதேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

சரி, இடது பக்கத்தையாவது பார்ப்போம் என்று தாளை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனேன். அங்கே கறையே இல்லை. காலையிலிருந்து வாசல் வெயில் நேராக அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் ஒரு சாயல் தெரிந்தது, இன்னும் ஒரு மணி நேர வெயிலில் அதுவும் போய்விடும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்பது துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். என் மனைவியே மஞ்சள் பட்ட சேலையை வெயிலில்தான் போடுவாள். தினமும் அந்தக் கொடியைக் குனிந்து கடந்து போகிறவன் நான். படகை வெயிலுக்குத் திருப்பி நிறுத்தியிருந்தால் போதும்.

நாலு மணிக்கு முதலாளியும் படகுக்காரரும் வந்தார்கள். முதலாளி இடது பக்கத்தைத் தடவி "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சி என் தோளைத் தட்டினார். அவர் சுற்றி வர எட்டுத் தப்படி இருக்கும். அதற்குள் சொல்லியிருக்கலாம். கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு நின்றேன். வலது பக்கத்து வெடிப்பை விரலால் தடவியவர், இவ்வளவு நன்றாக அந்தப் பக்கம் செய்தவன் இந்தப் பக்கம் ஏன் இப்படிச் செய்தாய் என்று மலாயில் கேட்டார். கோபம்கூட இல்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. காலையில் அலசியதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் கையே வைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நாளை முதல் வர வேண்டாம் என்றார். மச்சினன் லாரியில் இருந்து இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. பிறகு கேட்டாள்.

"நேத்து பூசைக்குப் படகுக்குப் பொட்டு வைக்கலையாங்க?"

"மறந்துட்டேன்," என்றேன்.